வண்டிச் சத்தம்

நம் பாட்டனார் காலத்தில் மாட்டு வண்டிக்காரனுக்குக் கொடுக்கும் வாடகைக்கு "வண்டிச் சத்தம்" என்று பெயர். கூலிக்கு எப்படிச் சத்தம் என்று பெயர் வந்தது என்பதைப் பண்டிதர்கள் ஆராய்ந்து சொல்லட்டும். வண்டி பேசும் போது இரு தரப்பிலும் எழுந்த கூச்சலிலிருந்துதான் அந்தச் சொல் பிறந்திருக்க வேண்டும் என்பது என்னுடைய சொந்த அபிப்பிராயம். மாட்டு வண்டி போய் மோட்டார் வண்டி வந்தது. அதிலும் பெரியது, சிறியது, மூன்று சக்கரம், நாலு சக்கரம் என்று எத்தனையோ தினுசுகள் வந்துவிட்டன. ஆனால் மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு இரண்டு பீரோவும் ஒரு கட்டிலும் போய்ச் சேர வேண்டுமானால், அந்தப் பழைய சத்தம் மட்டும் ஒரு ஸ்வரமும் குறையாமல் இன்றைக்கும் கேட்கிறது.

இந்தச் சத்தத்தில் தோற்றுப் போகிறவர் பெரும்பாலும் வண்டிக்காரர்தான். அதிலும், நேற்று வரை பிறர் வண்டியை ஓட்டிவிட்டு இன்று கடன் வாங்கிச் சொந்த வண்டி வைத்திருக்கும் மனிதருடைய பாடு பெரும்பாடு. முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே, பல நாட்களில் மூட்டை தூக்குகிறவரும் அவரே. அப்படிப்பட்டவர் சத்தம் போடாமலே நல்ல சத்தம் வாங்க முடியுமா? முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு மனிதர் சாட்சி. அவருடைய கதையைச் சொல்வதற்கு முன்னால், வண்டி வாடகை இப்படிச் சீரழிந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஒரு காலத்தில் மயிலாப்பூருக்குச் சாமான் வந்த வழியே வேறு. பக்கிங்ஹாம் கால்வாயில் படகுகள் விறகும் உப்பும் தானியமும் சுமந்து வந்தன. காற்று இல்லாத சமயத்தில் ஆட்கள் கரையோடு நடந்து கயிற்றால் படகை இழுத்தார்கள். காய்கறி மூட்டைகள் கொத்தவால் சாவடியிலிருந்து கட்டை வண்டியிலும் கை வண்டியிலும் வந்தன. 1996-ஆம் வருஷம் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குக் குடிபெயர்ந்தது. 2005 மே மாதத்தில் டாட்டா கம்பெனியார் "ஏஸ்" என்ற சிறிய சரக்கு வண்டியைக் கொண்டு வந்தார்கள். இரண்டு ஸிலிண்டர் எஞ்சின். பதினாறு குதிரை சக்தி. முக்கால் டன் பாரம். விலை ஏறக்குறைய இரண்டேகால் லட்ச ரூபாய். வடக்கே அதை "சோட்டா ஹாத்தி" என்றார்கள். நாம் "குட்டி யானை" என்றோம். லாரி நுழையாத சந்திலெல்லாம் இந்த யானை நுழைந்தது.

சட்டமும் யானைக்கு அனுகூலமாக இருந்தது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிகளுக்குப் பெர்மிட் வேண்டியதில்லை என்று விலக்கு அளித்தது. ஓட்டுகிற லைசென்ஸைப் பற்றி வெகு நாள் ஒரு வழக்கு இருந்தது. இலகு ரக வண்டி ஓட்டும் லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம், தனி அனுமதி தேவையில்லை என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தீர்ப்பளித்தது.

ஏழைக்குத் தொழில் கிடைப்பதற்கு இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான், சந்தேகமில்லை. ஆனால் கதவை இவ்வளவு அகலமாகத் திறந்து வைத்தால் உள்ளே கூட்டம் சேராமல் இருக்குமா? மாம்பலத்தில் ஒரு ஸ்டாண்டில் பத்து யானைகள் நின்றால், பதினோராவது யானைக்காரர் ஐம்பது ரூபாய் குறைத்துக் கேட்கிறார். பத்தாவது ஆசாமி அறுபது குறைக்கிறார். சாயங்காலத்துக்குள் டீசல் செலவுக்கும் கட்டாத வாடகைக்கு ஒருவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறார். இதைப் பார்த்து நாமும், "பேஷ்! சாமர்த்தியமாகப் பேசிவிட்டோம்!" என்று திருப்தியடைகிறோம்.

அந்தத் திருப்தியை ஒரு முறை நானும் அனுபவித்தேன். சில வருஷங்களுக்கு முன்பு ஆவணி மாதத்தில் தியாகராயநகரிலிருந்து மயிலாப்பூருக்குக் குடி மாறினோம். ஒரு வண்டிக்காரர் 2,400 ரூபாய் கேட்டார். இன்னொருவர் 1,800-க்கு ஒத்துக்கொண்டார். எனக்கா கணக்குத் தெரியாது? இரண்டாமவரை அமர்த்தினேன். காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஒன்பதேகாலுக்கு வந்து சேர்ந்தார். நாங்கள் பார்த்து வைத்திருந்த நல்ல நேரம் அதற்குள் எழும்பூர் தாண்டிப் போய்விட்டது. வண்டியில் கயிறு இல்லை, தார்ப்பாயும் இல்லை. பனகல் பார்க்கைத் தாண்டும் போது மழை பிடித்துக்கொண்டது. இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டும் குடித்த தண்ணீரைக் கணக்கிட்டால் ஒரு சிறு குளம் வெட்டலாம். இறக்கும் இடத்தில் "காத்திருந்த கூலி" என்று 500 ரூபாயும், "மாடிப் படி" என்று 400 ரூபாயும் சேர்ந்தன. மொத்தம் 2,700. மெத்தைகள் தனி.

அந்த மனிதரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. 1,800 ரூபாய்க்கு அவரால் வேறு எப்படி வர முடியும்? அதே காலையில் இன்னொரு சவாரி முடித்துவிட்டுத்தான் அவர் வந்தார். இல்லாவிட்டால் அன்றைய அடுப்பு எரியாது.

மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு மாற வேண்டி வந்த போது நான் பாடம் கற்றவனாக இருந்தேன். வீட்டுக்காரர் மார்ச்சு கடைசிக்குள் காலி செய்யச் சொன்னதால் பங்குனி என்றும் பாராமல் புறப்பட வேண்டியதாயிற்று. எதிர்வீட்டு மாமி ஒரு டெலிபோன் நம்பரைக் கொடுத்து, "இவரைக் கூப்பிடுங்கோ. காசு கொஞ்சம் கூடத்தான் கேட்பார். ஆனா நீங்க நாற்காலியிலே உட்கார்ந்திருக்கலாம்" என்று சொன்னாள்.

கூப்பிட்டேன். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். எத்தனையாவது மாடி? லிப்ட் உண்டா? மாடிப்படி எந்தப் பக்கம் திரும்புகிறது? பீரோ கழற்றக் கூடியதா, ஒரே வார்ப்பா? அம்மி, ஆட்டுக்கல் ஏதாவது உண்டா? புது வீட்டு வாசலில் வண்டி நிற்க இடமிருக்கிறதா? அடுக்கு மாடிக் கட்டிடமென்றால் சாமான் ஏற்றி இறக்க அங்கே எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை அனுமதி? கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்தேன். காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை மட்டுமே லிப்டில் சாமான் ஏற்றலாம் என்பது அந்தக் கட்டிடத்துச் சங்கத்தின் விதி. கேட்காமல் மூன்று மணிக்குப் போய் நின்றிருந்தால் சாமானோடு நாங்களும் தெருவில் கொலுவிருந்திருப்போம்.

தேதியைச் சொன்னேன். ஒரு நிமிஷம் மௌனம்.

"அன்னிக்கு அறுபத்து மூவர் சார். மாட வீதிப் பக்கம் வண்டி நுழைய விட மாட்டாங்க. முந்தாநாளே வெச்சுக்கலாமா? இல்லேன்னா ரெண்டு நாள் தள்ளி?"

மயிலாப்பூரில் அத்தனை வருஷம் குடியிருந்த எனக்குத் தோன்றாத விஷயம் அவருக்குத் தோன்றிவிட்டது! கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாத் தேதிகள், எந்தத் தெருவை எப்போது அடைப்பார்கள் என்ற விவரம், மெட்ரோ ரயில் வேலைக்காகத் திருப்பி விடப்பட்ட தெருக்கள் எல்லாம் அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தன. வாடகை, தூக்கும் ஆள் இருவருக்கும் சேர்த்து 4,000 ரூபாய் என்றார். மற்றவர்கள் 3,200 கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

குறித்த நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் வண்டி வந்தது. சாமான்களை ஏற்றிய வரிசையைப் பார்த்து என் மனைவிக்கு அவர் மேல் அபாரமான மதிப்பு உண்டாகிவிட்டது. சுவாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், குடம், பால் காய்ச்சும் பாத்திரம் ஆகியவற்றை ஒரு தனிக் கூடையில் போடச் சொல்லி, அதை எல்லாவற்றுக்கும் கடைசியில் ஏற்றினார். கடைசியில் ஏறுவதுதானே முதலில் இறங்கும்? புது வீட்டு வாசலில் வண்டி நின்ற ஐந்தாவது நிமிஷம் விளக்கு உள்ளே போயிற்று. பீரோவை இறக்கி முடிப்பதற்குள் பால் பொங்கிவிட்டது. அந்தக் கூடைக்கு அவருக்கு ஆன அதிகச் செலவு ஒன்றுமில்லை. எங்களைப் பொறுத்த மட்டில் 800 ரூபாய் வித்தியாசம் அந்தக் கூடையிலேயே தீர்ந்து போயிற்று.

காப்பி குடித்துக்கொண்டிருந்த போது அவர் தம் கதையைச் சொன்னார். பல வருஷம் பிறருடைய லாரியை வெளியூர் ஓட்டியவர். பிறகு ஒரு பழைய குட்டி யானையைத் தவணைக் கடனில் வாங்கினார். முதல் மூன்று மாதம் ஸ்டாண்டில் நின்று, தரகர் கொடுத்த சவாரியையெல்லாம் ஓட்டினார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் கையில் காசு நிற்கவில்லை. தவணை இரண்டு பாக்கி விழுந்தது. மூன்றாவது தவணையும் விழுந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற நிலைமை. அப்போது அவருடைய சம்சாரம், பையனின் பழைய பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் மிச்சமிருந்த பக்கங்களில் ஒவ்வொரு சவாரியையும் எழுத ஆரம்பித்தாள்.

அந்தக் கணக்கின் போக்கை வாசகர்களுக்கு விளங்கும்படி முழு எண்களில் சொல்கிறேன். தவணை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்ஷூரன்ஸ், வரி, வருஷாந்தரத் தகுதிச் சான்று இவற்றுக்காக மாதா மாதம் எடுத்து வைக்க வேண்டியது 3,000. டயர், எண்ணெய், ரிப்பேர் 4,000. குடும்பச் செலவு 20,000. ஆக 36,000. மாதத்தில் 24 நாள் வண்டி ஓடினால், டீசலைச் சேர்க்காமலே நாளொன்றுக்கு 1,500 ரூபாய் வந்தாக வேண்டும். ஒரு சவாரிக்குப் போக ஒரு லிட்டர், வர ஒரு லிட்டர் டீசல், 180 ரூபாய். நாளுக்கு இரண்டு சவாரி கிடைத்தால் ஒவ்வொன்றிலும் 930 ரூபாய் வந்தால்தான் சமன். மூன்று கிடைத்தால் 680 போதும். தரகு போகக் கையில் நிற்பது 800 என்றால், இரண்டு சவாரி ஓட்டுகிறவர் நாளைக்கு 260 ரூபாய் நஷ்டப்படுகிறார். மூன்று ஓட்டுகிறவர் 360 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார். வண்டி அதே வண்டி. வாடகையும் அதே வாடகை!

இந்தக் கணக்கைப் பார்த்ததும் அவருக்கு ஒரு விஷயம் வெளிச்சமாயிற்று. தம்மைத் தின்றது குறைந்த வாடகை மட்டும் அல்ல; காத்துக் கிடந்த நேரமும், காலியாகத் திரும்பிய வழியுமே பாதியைத் தின்றுவிட்டன. ஆகையால் தமக்கு வேண்டியவர்கள் குறித்த நேரத்தில் ஏற்றி இறக்கக் கூடியவர்கள், இரண்டு பக்கமும் பாரம் கொடுக்கக் கூடியவர்கள், மறுபடியும் மறுபடியும் கூப்பிடக் கூடியவர்கள். அத்தகையோர் ஸ்டாண்டுக்கு வந்து வண்டி தேடுவதில்லை. அவர்களை இவர்தான் தேடிப் போக வேண்டும்.

அவர் முதலில் போனது கல்யாணச் சமையல் காண்டிராக்டர்களிடம். சாயங்காலம் அண்டா, கரண்டி, அடுப்பு எல்லாம் சத்திரத்துக்குப் போக வேண்டும். மறுநாள் மத்தியானத்துக்கு மேல் திரும்பி வர வேண்டும். இரண்டு பக்கமும் பாரம். மார்கழி மாதத்தில் கல்யாணம் இல்லாவிட்டாலும் சபாக்களில் கச்சேரியும் காண்டீனும் உண்டு. வாத்தியங்களுக்கும் ஒலிபெருக்கிச் சாமான்களுக்கும் வண்டி வேண்டும். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆனால் தியாகராயநகரில் ஆடித் தள்ளுபடி என்று ஜவுளி மூட்டைகள் வந்து குவியும். தையில் வீடு மாறுகிறவர்கள் கூட்டம். ஐப்பசியில் தீபாவளி. பஞ்சாங்கத்தை இந்தக் கோணத்தில் படித்தவர் இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

தியாகராயநகர் ஜவுளிக் கடைக்காரர் ஒருவரிடம் அவர் வேலை பிடித்த விதம் சுவாரஸ்யமானது. பார்ஸல் ஆபீஸிலிருந்து மூட்டைகளை எடுத்துக் கடையில் சேர்க்க வேண்டும். ரங்கநாதன் தெருப் பக்கத்தில் ஜனங்கள் வந்து நிறைவதற்கு முன்னால் இறக்கியாக வேண்டும். பத்து மணிக்கு மேல் அங்கே மனிதன் நுழைவதே பிரயாசை. முதல் தடவையே ஒரு மூட்டையின் ஓரம் கிழிந்திருப்பதை இவர் பார்த்தார். மற்ற வண்டிக்காரர்கள், "நமக்கென்ன?" என்று ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். இவர் ஏற்றாமல் நின்று, கடைக்காரருக்கு டெலிபோன் செய்து, பார்ஸல் ஆபீஸ் ரசீதில் "மூட்டை கிழிந்த நிலையில் ஒப்படைக்கப்பட்டது" என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகே ஏற்றினார். சரக்கை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு நஷ்ட ஈடு கேட்பது பெரிய வியவகாரம். அரை மணி தாமதமானதற்குக் கடைக்காரர் முதலில் கோபித்துக்கொண்டார். மூட்டையைப் பிரித்ததும் ஆறு புடவை குறைந்தது தெரிந்தது. அதற்கப்புறம் கோபம் இருக்குமா?

ஆறு மாதம் சென்ற பின் சவாரிக்கு 100 ரூபாய் கூட்டிக் கேட்டார். தாம் வந்த நேரம், இறக்கி முடித்த நேரம், மூட்டைகளின் எண்ணிக்கை எல்லாம் தேதிவாரியாக எழுதியிருந்த நோட்டை எதிரில் வைத்தார்.

"வேறே ஆள் குறைச்சுத் தரேன்னு சொல்றானேப்பா!" என்றார் கடைக்காரர்.

"அவரையே வெச்சுப் பாருங்க அண்ணாச்சி. என்னிக்காவது அவர் வரலேன்னா ராத்திரி பத்து மணி ஆனாலும் எனக்கு ஒரு போன் போடுங்க" என்று சொல்லி இவர் வந்துவிட்டார்.

மூன்றாவது வாரம் போன் வந்தது. இவர் போனார், புதிய வாடகையைத்தான் வாங்கினார். "அன்றைக்கே சொன்னேனே!" என்ற ஒரு வார்த்தை மட்டும் பேசவில்லை. என்னைக் கேட்டால், அந்தப் பேசாத வார்த்தைக்கே தனியாக ஐம்பது ரூபாய் கொடுக்கலாம்.

வாடகையைக் குறைத்து வெற்றி பெறலாம் என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தமிழ்நாட்டுக்குத் தூத்துக்குடியைப் போல் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 1906 அக்டோபரில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். 1907-ல் "காலியா", "லாவோ" என்ற கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. எதிரே நின்றது வெள்ளையரின் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அவர்கள் கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்தார்கள். சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கிற்று. அவர்கள் சும்மாவே ஏற்றிக்கொண்டு போவதாகவும், போதாததற்கு ஆளுக்கு ஒரு குடை இனாம் தருவதாகவும் சொன்னார்கள் என்று அந்தக் காலத்துப் பேச்சு. பணப் பெட்டி ஆழமாயிருப்பவனோடு விலை குறைக்கும் பந்தயம் ஓடினால் முடிவு என்ன? சுதேசிக் கப்பலை அத்தனை நாள் மிதக்க வைத்தது எட்டணாக் கட்டணம் அல்ல. "நம்முடைய கப்பல்" என்று ஏறிய ஜனங்களும் சரக்கு அனுப்பிய வர்த்தகர்களுமே. 1908 மார்ச்சில் பிள்ளையவர்களைச் சிறைப்படுத்தினார்கள். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. அந்தத் தியாகத்தின் பெருமையைப் பேசும் போது, அதில் அடங்கிய வியாபார பாடத்தையும் மறக்கக் கூடாது என்பது என் கட்சி.

மறு பக்கத்துக்கு மதுரையைப் பார்க்கலாம். திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த ஸ்ரீ டி. வி. சுந்தரம் அய்யங்கார் வக்கீல் தொழில், ரெயில்வே, பாங்கி எல்லாம் பார்த்துவிட்டு, 1912-ல் பஸ் நடத்தத் தொடங்கினார். மதுரைக்காரர்கள் அவருடைய பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்களாம். மாடு குதிரைகளின் லாட ஆணி சாலையில் கிடந்து டயரைக் குத்தி நேரம் தவறிவிடக் கூடாதென்று, காந்தம் கட்டிய வண்டி ஒன்றை முன்னால் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்றும் சொல்வதுண்டு. கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனாலும் ஜனங்கள் ஒரு முதலாளியைப் பற்றி எந்த மாதிரிக் கதையைச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதும் ஒரு கணக்குத்தானே?

நம் வண்டிக்காரருடைய கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாரி டிரைவர் பழைய வண்டி வாங்கக் கடன் கேட்டால் பாங்கிக்காரர்கள் வாசலைக் காட்டிய காலம் ஒன்று உண்டு. வட்டிக் கடைக்காரர்கள் கொடுத்தார்கள். அந்த வட்டியைச் சொன்னால் உங்களுக்குத் தலை சுற்றும். கணிதமும் புள்ளியியலும் படித்து, 1961 முதல் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஸ்ரீ ஆர். தியாகராஜன், 1974-ல் நண்பர்களோடு ஸ்ரீராம் சீட்டுக் கம்பெனியைத் தொடங்கினார். 1979-ல் லாரிகளுக்குக் கடன் கொடுக்க ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. அதன் பதிவு ஆபீஸ் பல வருஷங்கள் நம் மயிலாப்பூர் லேடி தேசிகா ரோட்டிலேயே இருந்தது. தியாகராஜன் அவர்களுக்கு 2013-ல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. ஸ்தாபனம் 2022-ல் ஸ்ரீராம் பைனான்ஸ் என்ற பெயரில் மற்றொன்றோடு இணைந்தது. சொத்துப் பத்திரம் இல்லாத டிரைவரும் கடனைத் திருப்பிக் கட்டுவான், ஆளை அறிந்து கொடுத்தால் போதும் என்பது அந்த வியாபாரத்தின் அஸ்திவாரம். நம்பி ஏற்றுகிறவனுக்கும் நம்பிக் கொடுக்கிறவனுக்கும் தொழில் ஒன்றுதான் போலிருக்கிறது.

இப்போது கைபேசியில் விரலால் தட்டினால் வண்டி வருகிறது. 2014 முதல் இதற்கென்றே பெரிய கம்பெனிகள் கிளம்பின. வாடகையை அவர்களே நிர்ணயிக்கிறார்கள். வண்டிக்காரருக்குப் பெயர் இல்லை, நட்சத்திரங்கள் உண்டு. இதை முழுவதும் நிந்திக்க நான் தயாராயில்லை. ஒருவரையும் தெரியாத புது ஆசாமிக்கு முதல் சவாரி கிடைப்பது பெரிய உபகாரம். நம்மவரும் வேளச்சேரியில் பாரம் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்ப நேரும் போது அந்தச் சவாரிகளை எடுத்துக்கொள்கிறார். அதையே ஜீவனமாக வைத்துக்கொண்டால், பழைய தரகருக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத தரகர் கிடைத்தார் என்றுதான் ஆகும்.

எல்லாப் பாரத்துக்கும் இந்த வித்தை பலிக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். செங்கல்லுக்கும் மணலுக்கும் மரியாதை தெரியாது. அரை மணி முன்பின் ஆனால் கேட்பாரும் இல்லை. அங்கே வாடகையைத் தீர்மானிப்பது எடை ஒன்றே. "அந்தப் பாரத்தை நான் எடுக்கறதில்லே சார்" என்று அவர் சொல்லிவிட்டார். முக்கால் டன்னுக்கு மேல் ஏற்றச் சொன்னாலும் மாட்டேன் என்கிறார். அதனால் சில வாடிக்கைகள் போயின. டயரும் அச்சும் பிழைத்தன.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை புரண்டது நினைவிருக்கும். கோட்டூர்புரத்தில் இருந்த ஒரு சிநேகிதர் வீட்டுக் கீழ்த் தளத்தில் தண்ணீர் புகுந்தது. அந்த வாரத்தில் சில வண்டிக்காரர்கள் வாயில் வந்ததைக் கேட்டார்கள்; ஜனங்களும் கொடுத்தார்கள், வேறு வழி? நம்மவர் அப்போது சொந்த வண்டி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சிநேகிதர் வீட்டு அம்மாளையும் மிஞ்சிய சாமானையும் மயிலாப்பூரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வழக்கமான வாடகையையே வாங்கிக்கொண்டார். அதிகமாகக் கொடுத்ததைத் திருப்பி நீட்டி, "தண்ணி வடிஞ்சப்புறமும் இதே தெருவிலேதான் நான் வண்டி ஓட்டணும்மா" என்றாராம். எதிர்வீட்டு மாமிக்கு அவருடைய நம்பர் கிடைத்ததே அந்த அம்மாள் மூலமாகத்தான்.

போன மாதம் எங்கள் பழைய ஊஞ்சலை மந்தைவெளியில் பெண் வீட்டில் சேர்க்க வேண்டியிருந்தது. அவரைத்தான் கூப்பிட்டேன். பலகையைக் கோணியில் சுற்றி, சங்கிலிகளைத் தனித் தனியாகக் கட்டி, கொக்கிகளை ஒரு சிறு பையில் போட்டு என் மனைவியின் கையிலேயே கொடுத்தார். வாடகை 900 ரூபாய் என்றார். பழக்க தோஷம் யாரை விட்டது?

"ஏன் அய்யா, மந்தைவெளி என்ன காத தூரமா? கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று ஆரம்பித்தேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். நான் அவசர அவசரமாக, "வேண்டாம், வேண்டாம்!" என்று சொல்லிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.